பட்டப் படிப்பின் படிகள்



கல்லூரி வாழ்க்கையின் ஒவ்வொரு நிலையையும் எவ்வாறு பயன்படுத்திக்கொள்வது என்பது பற்றி உங்களோடு பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். பள்ளித் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கல்லூரியைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்விதான். கல்லூரியில் நான் பாடம் நடத்தியதில்லை. ஆயினும், கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள் திரும்பி வந்து நிற்கும் இடம் பள்ளித் தலைமையாசிரியரின் அறைதான். முதலாண்டில், சான்றிதழில் முன்னெழுத்து பிழையாக இருக்கிறது என்று வருவார்கள். மூன்றாம் ஆண்டின் முடிவில், இனி என்ன செய்வது என்று கேட்க வருவார்கள். இரண்டாம் ஆண்டில் மட்டும் ஒருவரும் வருவதில்லை. வந்தவர்களை உட்காரச் சொல்லி, அவர்கள் பேசுவதைக் கேட்பது என் வழக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அப்படிக் கேட்டவற்றைக் கொண்டே இன்று பேசுகிறேன்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நான் கணிதம் கற்பித்தவன், பழக்கம் விடுவதில்லை. பட்டப் படிப்பு மூன்று ஆண்டு என்கிறோம். ஆண்டுக்கு 180 பயிற்று நாள்கள் என்பது பல்கலைக்கழக மானியக் குழு வகுத்துள்ள அளவு. பருவத்திற்கு 90 நாள்கள். ஆறு பருவங்களுக்கு 540 நாள்கள். மூன்று ஆண்டுகளில் உள்ள நாள்களோ 1,095. கழித்துப் பாருங்கள், மீதி 555. கல்லூரியில் பாடம் நடக்கும் நாள்களைவிட நடவாத நாள்கள் 15 மிகுதி! தேர்வுகளுக்குச் சில வாரங்களை ஒதுக்கினாலும், உங்கள் கையில் ஏராளமான காலம் இருக்கிறது. அந்தக் காலத்தைப் பற்றி எந்தப் பாடத்திட்டமும் பேசுவதில்லை.

இம்மூன்று ஆண்டுகளும் ஒரே அச்சில் அறுத்த செங்கற்கள் போன்றவை என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டிற்கும் உரிய வேலை வேறு. நாற்றங்காலில் செய்ய வேண்டியதை அறுவடையின்போது செய்ய இயலாது என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதலாண்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழங்கதை சொல்ல வேண்டும். முற்காலத்தில் பட்டப் படிப்பிற்கு ஒரு வாயிற்படி இருந்தது. எஃப்.ஏ. என்று ஒரு வகுப்பு. பின்னர் இண்டர்மீடியட் என்னும் ஈராண்டு வகுப்பு. அதற்கும் பின்னர், பி.யு.சி. எனப்பட்ட புகுமுக வகுப்பு. பள்ளியை விட்ட பிள்ளை கல்லூரிக் கட்டடத்திலேயே அமர்ந்து, கல்லூரி ஆசிரியரின் பேச்சுக்குக் காதைப் பழக்கிக்கொள்ள அவ்வகுப்புகள் இடம் தந்தன. தமிழ்நாட்டில் 1978-ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. 1980-இல் முதல் அணியினர் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதினர். அவ்வணியில் நானும் ஒருவன். அம்மாற்றத்தால் விளைந்த நன்மை பெரிது. அதற்குமுன் பதினாறு வயதிலேயே ஊரைவிட்டுப் போய்த்தான் புகுமுக வகுப்புப் படிக்க வேண்டும். பெண் பிள்ளைகளை அவ்வாறு அனுப்பத் துணிந்தவர் சிலரே. ஆனால், வாயிற்படி எடுபட்டுவிட்டது. இன்று முதற்பருவமே அப்படியாக இருக்கிறது; அப்படி இருப்பதை யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. ஆகவே, படி தடுக்கும்போது, தடுக்கியது தம் அறிவுக் குறைவால் என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள்.

சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவன் ஒருவன், நகரத்துக் கல்லூரியில் அப்பாடத்திலேயே சேர்ந்தான். ஆகஸ்டு மாத இறுதியில் என் அறைக்கு வந்தான்.

"ஐயா, எனக்குக் கல்லூரி ஒத்து வராது போலிருக்கிறது. மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு எதிலாவது சேர்ந்துவிடலாமா?" என்றான்.

"உன் குறிப்பேட்டைக் காட்டு, தம்பி" என்றேன்.

ஒவ்வொரு பக்கத்திலும் பாதிச் சொற்கள், அவற்றின்மேல் அடித்தல்கள். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. எழுதி முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடுகிறது. ஒரு மணி நேரப் பாடத்தில் அவனுக்குப் புரியாத சொற்களை இருவரும் எண்ணினோம். நாற்பதுகூட இல்லை. அவற்றிலும் பாதி, நாள்தோறும் திரும்பத் திரும்ப வருபவை. 'வெலாசிட்டி' என்றால் திசைவேகம் என்றும், 'அக்ஸிலரேஷன்' என்றால் முடுக்கம் என்றும் சொன்னவுடன், "இதெல்லாம் எனக்குத் தெரியுமே, ஐயா!" என்றான். தெரியும், பொருள் தெரியும், பெயர்தான் மாறியிருக்கிறது. ஒரு மொழி முழுவதையும் கற்றால்தான் பாடம் புரியும் என்று அவன் மலைத்திருந்தான். அவனுக்குத் தேவைப்பட்டவை சில நூறு சொற்களே. நாற்பது பக்க ஏடு ஒன்றில், இடப்புறம் தமிழ்க் கலைச்சொல், வலப்புறம் ஆங்கிலச் சொல் என்று எழுதத் தொடங்கினான். பள்ளிப் பாடநூலின் இறுதியில் உள்ள கலைச்சொற் பட்டியல் அவனுக்குப் பெரிதும் துணை செய்தது. முதற்பருவத்தில் ஒரு தாளில் தவறினான். அடுத்த முறை தேறினான். இன்று அவன் மேல்நிலைப் பள்ளி ஆசிரியன்.

எனவே, முதலாண்டின் வேலை பழகிக்கொள்வது. வகுப்பிற்குப் பழகுங்கள், மொழிக்குப் பழகுங்கள், ஆசிரியர் அறையின் வாயிலில் நின்று ஐயம் கேட்பதற்குப் பழகுங்கள். நூலகத்திற்குள் தனியாகச் சென்று பழகுங்கள். நூல்கள் பொருள்வாரியாக அடுக்கப்பட்டிருப்பதால், நீங்கள் தேடிய நூலுக்குப் பக்கத்திலேயே அதைவிட எளிய நூல் ஒன்று இருக்கக்கூடும். பட்டியலில் எண்ணைப் பார்த்து, ஏவலரை அனுப்பி வாங்குபவருக்கு அது கண்ணில் படாது. மற்றொன்று, தலைமையாசிரியன் என்ற முறையில் சொல்ல வேண்டியது: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் முன்னெழுத்தும் கல்லூரிப் பதிவேட்டில் எழுத்து மாறாமல் இருக்கின்றனவா என்று முதல் மாதத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இச்சிறு பிழைக்காகப் பின்னாளில் அலுவலகம் அலுவலகமாக அலைந்தவர் பலரை அறிவேன்.

முதல் ஈராண்டுகளில் பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று தமிழும் ஆங்கிலமும் உண்டு. வகுப்புத் தரம் முதன்மைப் பாடத்தைக் கொண்டே கணக்கிடப்படுவதால், மொழிப் பாடங்களைப் பலர் இளக்காரமாக எண்ணுகின்றனர். கேட்டால், "இராமானுஜன்கூட ஆங்கிலத்தில் தோற்றவர்தாமே!" என்று ஒரு விடையைத் தயாராக வைத்திருப்பார்கள். அவ்வரலாற்றைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார் இராமானுஜன். கணக்கைத் தவிர மற்றவற்றை அவர் கவனிக்கவில்லை; ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. அதன்பின் அவர் பட்ட வறுமை கொஞ்சமன்று. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. 1913-இல்தான், சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. கல்லூரி கைவிட்ட காலத்திற்கும் பல்கலைக்கழகம் கைகொடுத்த காலத்திற்கும் இடையே இளமையின் எத்தனை ஆண்டுகள் போயின என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய மேதைமைக்காக அவரைப் போற்றுவோம். அவர் பட்ட துன்பத்தை நம் சோம்பலுக்குச் சாட்சியாக அழைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இனி இரண்டாம் ஆண்டு. இதைப் பற்றித்தான் நான் உங்களிடம் மிகுதியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாம் ஆண்டில் ஒருவரும் என்னிடம் வருவதில்லை என்றேன் அல்லவா? அதன் காரணத்தைப் பல நாள் சிந்தித்திருக்கிறேன். முதலாண்டில், பிள்ளை சாப்பிட்டானா, பேருந்து கிடைத்ததா, பாடம் புரிகிறதா என்று வீட்டார் நாள்தோறும் கேட்கிறார்கள். மூன்றாம் ஆண்டில், வேலை எப்போது என்று ஊரே கேட்கிறது. நடு ஆண்டில் கேட்பார் இல்லை. புதியவரை வரவேற்பதிலும் இறுதியாண்டினரை வழியனுப்புவதிலும் கல்லூரியின் கவனம் போய்விடுகிறது. பிள்ளையும், பழகிவிட்டோம், இன்னும் காலம் இருக்கிறது என்று இருந்துவிடுகிறான்.

கேட்பார் இல்லாத அந்த ஆண்டில்தான் சிலர் கைநழுவிப் போகிறார்கள். என் மாணவன் ஒருவன், மூன்றாம் பருவத்தில், தீபாவளிக்கு முன் ஜவுளிக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். வீட்டில் பணத் தேவை. அவனை நான் குறை சொல்லமாட்டேன். 90 நாளில் 75 விழுக்காடு வருகை வேண்டும். அதாவது, 22 நாள்வரை விடுப்பு எடுக்கலாம். அவன் எடுத்தவை நாற்பதுக்கு மேல். தேர்வு எழுத இசைவு கிடைக்கவில்லை. பண்டிகை முடிந்ததும் கல்லூரிக்குச் செல்ல வெட்கம். கடையிலேயே தங்கிவிட்டான். அவன் செய்யாதது ஒன்றே ஒன்று: வேலைக்குப் போகுமுன் துறைத் தலைவரிடம் சென்று தன் நிலையைச் சொல்லியிருக்கலாம். வருகை ஓரளவு குறைந்தவர்களுக்குக் கட்டணம் செலுத்தி விலக்குப் பெற வழி உண்டு. மிகவும் குறைந்தவர்கள் அப்பருவத்தை மறுபடி படிக்கவும் பல பல்கலைக்கழகங்களில் விதி உண்டு. அவ்வழிகள் எல்லாம் இருந்தன, கேட்பதற்கு நாவெழவில்லை. ஆண்டுகள் சில கழித்துத் துணி எடுக்கச் சென்றபோது அவனைப் பணம் வாங்கும் இடத்தில் கண்டேன். "நான்கு பருவம்தான், ஐயா, பாக்கி" என்றான். பாக்கியின் கணக்கு அவனுக்கு மறக்கவில்லை.

அதே நடு ஆண்டு, வேறொருவருக்கு என்ன தந்தது என்பதையும் சொல்கிறேன். வானியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், 1925-இல், பதினைந்து வயது நிரம்புமுன்பே, சென்னை மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். 1927-இல் இயற்பியல் ஆனர்ஸ். அது மூன்றாண்டுப் படிப்பு. கணிதத்தில் விருப்பம் மிக்கவர் ஆதலின், கணித விரிவுரைகளையும் சென்று கேட்டார். ஆனர்ஸின் இரண்டாம் ஆண்டில், 1928-இன் பிற்பகுதியில், சொமர்ஃபெல்டு என்னும் செருமானியப் பேராசிரியர் அக்கல்லூரிக்கு வந்து சொற்பொழிவாற்றினார். அணுவின் அமைப்பைப் பற்றி அப்பேராசிரியர் எழுதிய பெருநூலைச் சந்திரசேகர் தாமாகவே படித்திருந்தார். மறுநாள் அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று பார்த்தார். பதினெட்டு வயது இளைஞருக்குக் கிடைத்த விடை என்ன தெரியுமா? அந்நூலில் படித்த இயற்பியல் பழையதாகிவிட்டது என்பது! நூலை எழுதியவரே சொல்கிறார். ஐரோப்பாவில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் எல்லாம் மாறிவிட்டன என்று விளக்கி, இன்னும் வெளிவராத தம் கட்டுரை ஒன்றின் அச்சுப்படியையும் கொடுத்தார்.

நம்மில் பலர், அதைக் கேட்டு மனம் உடைந்து வீடு திரும்பியிருப்போம். அவர் அவ்வச்சுப்படியைப் படித்தார். மேலும் தேடிப் படித்தார். சில மாதங்களில் தாமே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1929-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் வெளியீட்டில் அது வந்தது. அப்போதும் அவர் பட்டம் பெறாத மாணவரே. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததை எல்லோரும் சொல்வார்கள். என் மனத்தில் நிற்பது 1928-இல் அவ்விடுதிக்கு நடந்த நடைதான். 'நீ படித்தது பழையது' என்ற சொல் இறுதிப் பருவத்தில் வந்திருந்தால் அதைக்கொண்டு என்ன செய்ய முடியும்? நடு ஆண்டில் வந்ததனால், கற்றதைத் திருத்திக்கொள்ளக் காலம் இருந்தது.

நாம் எல்லோரும் சந்திரசேகர் ஆகிவிட முடியாது, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால், பாடத்திட்டம் கேட்காத ஒன்றை, தமக்கென்று ஒன்றே ஒன்றை, அவ்வாண்டில் தொடங்க யாராலும் முடியும். பொருளியல் படித்த மாணவி ஒருத்தி, காய்கறி விற்கும் தந்தைக்குத் துணையாக ஞாயிறுதோறும் உழவர் சந்தைக்குச் செல்வாள். அங்கே அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள் அல்லவா? அதைத் தன் ஏட்டில் படியெடுத்துக்கொள்வாள். ஆண்டு முழுவதும், வாரம் தவறாமல். செலவு ஒரு குறிப்பேடும் பேனாவும். சின்ன வெங்காயம் ஏன் சில மாதங்களில் ஏறுகிறது, தக்காளி ஏன் ஒரே வாரத்தில் சரிகிறது என்ற கேள்வி அவளுக்குத் தானாகவே எழுந்தது. பேராசிரியரிடம் கேட்டாள். அவர், சேமித்து வைப்பதைப் பற்றியும் அழுகும் பொருள்களைப் பற்றியும் படிக்கச் சொன்னார். இறுதியாண்டில் மற்றவர்கள் ஆய்வேட்டிற்குப் பொருள் தேடி அலைந்தபோது, இவளிடம் 52 வாரக் கணக்கு இருந்தது. தாவரவியல் படிப்பவர், ஊர்க் குளத்தங்கரைச் செடிகளை அழுத்தி உலர்த்தி ஒட்டி வைக்கலாம். தமிழ் படிப்பவர், தம் ஊர்க் கடலோடிகள் காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வழங்கும் பெயர்களைத் தொகுக்கலாம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை தறியின் உறுப்புகளை எழுதி வைக்கலாம். உங்கள் வீட்டில் உள்ள அறிவு எந்த நூலகத்திலும் இல்லாததாக இருக்கலாம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1969-இல், காந்தியடிகள் நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் அது தொடங்கியது. ஏழு நாள் முகாமில் வேறு துறை மாணவர்களோடு சேர்ந்து உண்டு உறங்கி வேலை செய்வது நல்லது. சான்றிதழுக்காக மட்டும் சேர்வதானால் சேராமலே இருக்கலாம். கைப்பேசியை வைவதற்கு நான் இங்கு வரவில்லை. 2003-இல் தொடங்கிய என்பிடெல் என்னும் திட்டத்தின் வழியாக ஐ.ஐ.டி. ஆசிரியர்களின் விரிவுரைகள் அக்கருவியிலேயே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வகுப்பில் ஒருமுறை கேட்டுப் புரியாததை நிறுத்தி நிறுத்தி மறுபடி கேட்கும் வசதி எங்கள் தலைமுறைக்கு வாய்க்கவில்லை.

மூன்றாம் ஆண்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். ஏனெனில், அவ்வாண்டில் அறிவுரை சொல்ல ஆள்கள் நிறைய உண்டு. ஒன்றை மட்டும் பலர் அறியாமல் இருக்கிறார்கள். மேற்படிப்பிற்கான கதவுகள் ஏப்ரலில் தேர்வு முடிந்தபின் திறப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். ஐ.ஐ.டி.களில் முதுநிலை அறிவியல் படிப்பதற்கான நுழைவுத்தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது; அதற்கு விண்ணப்பிக்கும் காலமோ அதற்கு முந்திய ஆண்டின் செப்டம்பரை ஒட்டியது. அதாவது, ஐந்தாம் பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே! மே மாதத்தில் என்னிடம் வந்து, "எங்கே சேரலாம், ஐயா?" என்று கேட்டவர்களில் எத்தனையோ பேர் தகுதி உடையவர்கள், நாள்தான் கடந்துவிட்டிருந்தது. எனவே, ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்திலேயே ஒரு தாளில் நான்கைந்து தேர்வுகளின் பெயரையும் கடைசி நாளையும் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நிலுவைத் தாள் இருப்பின், அதையே முதலில் முடியுங்கள். ஒரே ஒரு தாள் நின்றாலும் பட்டம் நிற்கும். உங்களுக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய ஆசிரியரிடம், கடைசி நாளைக்கு முதல்நாள் மாலையில் போய் நிற்காதீர்கள். உங்கள் பெயரை நினைவுகூரவே அவருக்கு நேரம் ஆகும். முதலாண்டு முதல் ஐயம் கேட்டுப் பழகியவர்களுக்கு இத்தொல்லை இல்லை.

பட்டமளிப்பு விழாவைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். விடுப்புக் கிடைக்கவில்லை, பேருந்துச் செலவு ஆகும் என்று சொல்லிப் பட்டத்தை அஞ்சலில் வரவழைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் நேரில் செல்லுங்கள். தாய் தந்தையரை அழைத்துச் செல்லுங்கள். மூன்று ஆண்டுகள் கட்டணம் செலுத்திய அவர்களில் பலர் அவ்வளாகத்தினுள் ஒரு நாளும் நுழைந்திருக்கமாட்டார்கள். விழா முடிந்ததும் புகைப்படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாமல், நீங்கள் உட்கார்ந்து படித்த வகுப்பறையையும் ஆய்வுக்கூடத்தையும் நூலகத்தையும் அவர்களுக்கு நிதானமாகச் சுற்றிக் காட்டுங்கள்.